உருண்டைல மாட்டாத, மச்சான்

ராத்திரி பதினொண்ணு இருக்கும். வெள்ளானூர் ஏரிக்குப் போற மண் ரோடு... நாய்கூட இல்ல. எங்க மாமா பையனோட ஃப்ரெண்டு உதயகுமாருக்கு நடந்தது இது. கிட்ட வந்து ஒக்காருங்கடா.

அவனும் அவன் கூட்டாளி ஆன்சனும் ஆளுக்கொரு ஜீப்பு. மழை வுட்ட ஏரில ஓட்டிப் பாக்கப் போனாங்க. ஆன்சன் ஜீப்பு சேத்துல எறங்கிச்சு... கதவு வரைக்கும்.

உதயகுமார் தன் ஜீப்ப முன்னாடி நிறுத்தி, இழுக்கற பெல்ட்ட எடுத்தான். ஒரு முனைய ஆன்சன் ஜீப்பு கொக்கில போட்டான். இன்னொரு முனைய தன் வண்டிக்குப் பின்னாடி, ட்ரெய்லர் மாட்டுற இரும்பு உருண்டைல.

"உருண்டைல மாட்டாத மச்சான், பிச்சிகினு வரும். அடியில சேசிஸ் கொக்கி கீது பாரு"ன்னான் ஆன்சன்.

"அதுல சேறு அப்பிகினு கீது. எவன் நோண்டுவான்? நீ ஏறு."

உதயகுமார் தன் வண்டில ஏறி, ஆன்சனுக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சிகினு, ஒரே உதறு உதறி இழுத்தான்.

டமார்!

"இன்னாடா ஆச்சு?"

போன்ல ஆன்சன் கொரலு... "வந்துட்டேன் மச்சான். நிக்காம போ."

கண்ணாடில பாத்தான். பின்னாடி ரெண்டு ஹெட்லைட்டு, ஆடி ஆடி வருது. ரோடு ஏறினதும் அது இவன ஒட்டி முந்திகினு, கோவில்பதாகை பக்கம் போயிடுச்சு. ஆன்சன் ஊடு அங்கதான். கோவமா போறான்னு நெனச்சிகினு, பெல்ட்ட சுருட்ட எறங்கினான்.

பெல்ட்டு இல்ல. உருண்டையும் இல்ல. போல்ட்டு இருந்த எடம் பிஞ்சி, பல்லு மாதிரி நிக்குது.

வண்டியத் திருப்பிகினு ஏரிக்கு ஓடினான்.

ஆன்சன் ஜீப்பு... அதே சேத்துல. அசையவே இல்ல. முன் கண்ணாடில தலையளவு ஓட்டை. உள்ள டார்ச் அடிச்சான். ரத்தமும் டீசலும் சேந்த வாடை. ஆன்சனுக்கு மூக்குக்கு மேல ஒண்ணுமே இல்ல. அந்த உருண்டை, எலும்ப ஒடச்சிகினு, பின் சீட்டு வரைக்கும் போயி பொதைஞ்சி கெடக்கு. கை மட்டும் ஸ்டியரிங்க வுடல.

உதயகுமார் ஆம்புலன்ஸுக்கு அடிக்கலாம்னு போன எடுத்தான்.

அப்போ போன் அடிச்சுது. ரெனிதா. ஆன்சன் பொண்டாட்டி.

"இன்னாண்ணா, ரெண்டு பேருக்கும் சண்டையா? உங்க ஃப்ரெண்டு வந்தாரு, ஒண்ணும் பேசல. நேரா போயி மூஞ்சி கழுவறாரு... கழுவிகினே கீறாரு."

அவ கொரலுக்குப் பின்னாடி கொழாத் தண்ணி சத்தம்.

டார்ச் வெளிச்சம் ஆன்சன் மேலயே நிக்குது.

கொழா சத்தம் நின்னுச்சு.

"தோ, வந்துட்டாரு. அவராண்டயே பேசுங்கண்ணா"ன்னு ரெனிதா போன குடுத்துச்சு.