மடக்குக் கால் பெஞ்சுகள்

தலைமை ஏற்று வீற்றிருக்கும் தலைமையாசிரியை அவர்களே, முன்வரிசையில் முழங்கால் வலியோடு அமர்ந்திருக்கும் மூத்தோர்களே, பிள்ளையை மடியிலும் பையைக் காலடியிலும் வைத்திருக்கும் தாய்மார்களே, சுவரோரம் நிற்கும் முன்னாள் படைவீரர்களே, வணக்கம். பெஞ்சு காலியாக இருக்கிறது, உட்காரலாம். வேண்டாமா? சரி, நின்றே கேளுங்கள்.

போர் முடிந்தது என்றார்கள். எங்கே முடிந்தது? காகிதத்தில் முடிந்தது. வானொலியில் முடிந்தது. எங்கள் கைகளுக்கு யார் போய்ச் சொன்னார்கள்?

நான் ஒன்பது முகாம் மாறிய தச்சன். எந்தப் படைக்குப் பயந்து ஓடினேனோ, அந்தப் படையில் சமையல் செய்தவர் என் கூட்டாளி. பட்டப்பெயர் கமாண்டர். கண்ணிவெடியில் அவருக்கு இடக்கை போனது. ஊர் அலுவலகம் எங்களுக்கு ஒரு கொட்டகை கொடுத்தது. இந்தப் பள்ளிக்கு நாற்பது பெஞ்சு செய்து தேறினால் கொட்டகை எங்களுக்கு. தேறாவிட்டால் சாவியைத் திருப்பித் தர வேண்டும். எனக்கென்ன, பத்தாவது இடம் பார்த்துக்கொள்வேன். கமாண்டருக்கு அப்படியா? அவர் மனைவி இரண்டு பெண் பிள்ளைகளோடு தாய்வீட்டில் இருந்தார். வேலை நிலையானது என்று தெரிந்த பிறகே வருவேன் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

அறுத்தோம், இழைத்தோம், அழகாய் முடித்தோம். தலைமையாசிரியை வந்து ஒரு பெஞ்சைத் தொட்டார். அது காலை மடக்கிக்கொண்டு படுத்தது. அடுத்ததைத் தொட்டார். அதுவும் படுத்தது.

"ஏங்கய்யா எல்லாம் மடங்குது?"

"தூக்கிட்டு ஓட வசதியா இருக்கும்மா."

"யாரு ஓடப்போறா?"

அன்பர்களே, யார் ஓடப்போகிறார்கள்? நாற்பதுக்கும் மடக்குக் கால், இரு முனையிலும் கைப்பிடித் துளை. எவரும் கேட்கவில்லை, எவரும் வரைந்து தரவில்லை, கைகள் தாமாகச் செய்திருந்தன. கமாண்டர் ஒருபடி மேலே போய், தூக்க எத்தனை பேர் தேவை என்று ஒவ்வொன்றின் அடியிலும் எழுதியிருந்தார்.

அம்மையார் மூன்று நாள் கெடு கொடுத்தார். கீலைக் கழற்றினால் மரம் பிளக்கும். ஆணியடித்து இறுக்குவதே வழி. ஒற்றைக் கை சுத்தியலைப் பிடிக்கும், ஆணியை யார் பிடிப்பது? நான் பிடித்தேன். அந்தப் படையின் சுத்தியலுக்குக் கீழே என் விரல்களை வைத்தேன். பெஞ்சுக்கு எட்டு ஆணி, ஆக முந்நூற்று இருபது முறை வைத்தேன். இது வீரமா? தெரியாது. விரட்டிய கை ஓங்கியது, வெருண்டோடிய கை விலகவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பின்வரிசைத் தம்பி கேட்கிறார், எத்தனை முறை விரலில் பட்டது என்று. இரண்டு. முதல் முறை, பார்த்து அடிக்கச் சொன்னேன். இரண்டாம் முறை கமாண்டர் அழுதார். விரல் என்னுடையது.

கெடு முடிந்த அன்று அம்மையார் ஒரு பெஞ்சை உதைத்தே பார்த்தார். நின்றது. இன்னொன்றை உதைத்தார். அதுவும் நின்றது. பாதத்தைத் தேய்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

கமாண்டரின் மனைவி நேற்று வந்து இறங்கினார். கொட்டகையின் பின்னறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மூட்டையை மட்டும் தோளைவிட்டு இறக்கவில்லை. பிறகு அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, இந்தச் சுவத்துல ஒரு அலமாரி அடிச்சுக் குடுங்க. கழட்ட முடியாத மாதிரி."

அந்த வேலை பாக்கி இருக்கிறது. கமாண்டர் வாசலில் நின்று கைகாட்டுகிறார். பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும் தாய்மார்க்கும், சுவரைத் தாங்கிய வீரர்களுக்கும் நன்றி. எல்லோருக்கும் என் வணக்கம், வருகிறேன்.