யாரிடமும் பல்லைக் காட்டாத கண்காணிப்பாளருக்கு

வேளாண் மானியப் பிரிவின் விளக்கே! விதியென்றால் விதியென்று வீற்றிருந்த வேந்தே! கண்டிப்பில் கருங்கல்லே! கனிவை மட்டும் கைப்பெட்டியில் பூட்டி வைத்து, இன்று பணி ஓய்வு பெறும் கண்காணிப்பாளர் பெருந்தகையே!

பல் முளைத்த நாள்முதல் அதைப் பிறரிடம் காட்டாமலே வாழ்ந்த மனிதர் இம்மண்ணுலகில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் பிரிவில், சன்னலோரம், கால் ஆடும் நாற்காலியில் அமர்ந்திருந்தார் என்பதை எண்ண எண்ண நெஞ்சம் நிமிர்கிறது. இது வாரந்தோறும் தாங்களே எங்களுக்கு அறிவித்த செய்தி: "நான் எவன்கிட்டயும் போய்ப் பல்லைக் காட்டினதில்ல. என் வம்சத்துலயே அந்தப் பழக்கம் கிடையாது." இடமாறுதல் வேண்டி மேலதிகாரி முன் சிரித்து நின்ற எங்கள் தட்டச்சரிடம், "இவ்வளவு காட்டுறியேப்பா, தேஞ்சு போயிடாது?" என்று கேட்டீர்கள். அதன்பின் பல நாள் அவர் உதட்டைத் திறக்காமலே தேநீர் குடிக்கப் பழகினார். தங்கள் கடைவாய்ப் பல் ஒன்று ஆண்டுக்கணக்கில் ஆடி வலித்தபோதும், மருத்துவர்முன் வாய் திறப்பதும் பல்லைக் காட்டுவதே என்று கிராம்பைக் கடித்தபடி கோப்புப் பார்த்த கொள்கைக் குன்றே!

மானியம் யாருக்கு என்ற மாபெரும் வினாவுக்கும் தங்களிடம் மறுமொழி ஒன்றே. நிலம் யார் பெயரிலோ, பணம் அவர் பெயரில். உழுபவர் பெற வேண்டுமெனில் உடையவர் ஒப்புதல் கையெழுத்திட வேண்டும். இதன்படி, மண்ணை மிதித்தறியாத பல் மருத்துவர் ஒருவர் ஆண்டுதோறும் எங்கள் பட்டியலில் சிறந்த விவசாயியாய்த் திகழ்ந்தார். அவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மெய்யாகவே பயிரிட்டவரோ, நாங்கள் 'தக்காளியம்மா' என்றழைக்கும் அம்மையார்.

சென்ற வாரம் அவர் தங்கள் மேசைமுன் வந்து நின்றார்.

"சார், இந்தத் தடவையும் மானியம் வரலேன்னா விதை வாங்க வழியில்ல. நிலத்தை விட்டுட்டுப் போக வேண்டியதுதான். டாக்டர் கையெழுத்துக்கு நடையா நடந்துட்டேன். பல்லு வலின்னாதான் உள்ள விடுவாங்களாம். எனக்குப் பல்லு கல்லு மாதிரி இருக்கே, நான் என்ன பண்ண?"

"அதுக்கு நாங்க என்னம்மா பண்றது?" என்றீர்கள்.

"சார், நீங்க ஒரு வார்த்தை சொன்னா..." என்று இழுத்தார் தட்டச்சர்.

"நான் போய்ப் பல்லைக் காட்டவா?"

அவ்வளவுதான். மின்விசிறிகூடச் சற்று மெதுவாய்ச் சுழன்றது.

விண்ணப்பம் வாங்கும் கடைசி நாளான நேற்று முன்தினம், தாங்கள் அரை நாள் விடுப்பு எடுத்தீர்கள். பணிக்காலத்தில் அதுவே முதன்முறை. கேட்டதற்குச் "சொந்த வேலை" என்றீர்கள். மற்றதைத் தக்காளியம்மா சொல்லித்தான் அறிந்தோம். மருத்துவரின் வாசற்படியில் வழக்கம்போல் காத்திருந்தவரை "எந்திரிம்மா" என்று உள்ளே அழைத்துப் போனீர்களாம். கூட வந்திருப்பது யாரென்று செவிலியர் கேட்க, "தங்கச்சி" என்றீர்களாம்.

"நாற்காலியில சாஞ்சு, வாயை இவ்ளோ பெருசா தொறந்தாரு. பல்லைப் புடுங்கினதும், பஞ்சைக் கடிச்சுக்கிட்டே பையிலேர்ந்து படிவத்தை எடுத்து நீட்டினாரு. பேச முடியல. டாக்டரைப் பார்த்துச் சிரிச்சாரு சார், காது வரைக்கும்! 'அப்படி ஒரு பணம் எனக்கு வருதா என்ன?'ன்னு கேட்டுக்கிட்டே அவரு கையெழுத்தைப் போட்டுட்டாரு."

மாலையில் பஞ்சும் வாயுமாய் அலுவலகம் திரும்பிய தாங்கள், அந்தப் படிவத்தில் தேதி விட்டுப்போனதை விரலால் சுட்டிக்காட்டி, தக்காளியம்மாவை எழுதவைத்த பிறகே முத்திரை குத்தினீர்கள். விதியல்லவா!

பெருந்தகையே! இன்று தங்கள் ஏற்புரை சுருக்கமாய் இருப்பின் அவையோர் பொறுத்தருள்க. கன்னத்து வீக்கம் இன்னும் வற்றவில்லை. எஞ்சிய பற்களோடும் குன்றா நலத்தோடும் தாங்கள் நீடு வாழ்க!

மூன்றாம் வரிசையில் தக்காளியம்மா வந்து அமர்ந்திருக்கிறார். ஒருமுறை சிரிக்கலாம். ஓட்டை தெரிந்தாலும் பாதகமில்லை. அது எப்படி விழுந்ததென்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.

தங்கள் அதட்டலுக்குப் பழகிப்போன
மானியப் பிரிவுப் பணியாளர்கள்
(தட்டச்சர் உட்பட)