உதவியாளரின் கையெழுத்து

மருதனார்மடத்தில் நான் பஸ் ஏறியபோது, முன் சீற்றில் நாற்பது வயது மதிக்கத்தக்க இரண்டு பேர் இருந்தார்கள். யன்னலோரம் இருந்தவர் மடியில் ஒரு பைலை அழுத்திப் பிடித்திருந்தார்.

“எனக்குத் தரகர் லைசன்ஸ் தரலாமாம், மச்சான். ஆனா என்ரை உதவியாளரும் வந்து கையெழுத்து வைக்க வேணுமாம்.”

“உனக்கு என்னடா உதவியாளர்? நீ தனி ஆளெல்லோ?”

“ஓம். விண்ணப்பத்திலையும் ஒருத்தரும் இல்லையெண்டுதான் எழுதினனான்.”

“பிறகு?”

“கொக்குவிலிலை ஒரு வீடு விக்கக் காட்டுறனான், தெரியுந்தானே. சொந்தக்காரர் கனடாவிலை. கன வருசமாப் பூட்டிக் கிடக்கு. பாக்க வாற சனமெல்லாம் ஒரே கதை. நீங்கள் முன்னுக்கு எல்லைக்கல்லுக் காட்டேக்கை, உங்களோடை வந்த அக்கா கிணத்தடியிலை நிண்டு கிணத்திலை ஆருக்கு எவ்வளவு பங்கெண்டெல்லாம் வடிவா விளங்கப்படுத்தினவ எண்டு.”

“பக்கத்து வீட்டு மனுசியா இருக்கும்.”

“நானும் உப்பிடித்தான் நினைச்சனான். இண்டைக்கு லைசன்ஸ் கந்தோரிலை என்ரை விண்ணப்பத்துக்குப் பின்னாலை இன்னொரு விண்ணப்பம் கிடக்கு. உதவியாளர் எண்டு போட்டு, விலாசம் அந்த வீடு. பேர், அந்த வீட்டின்ரை பழைய சீதன உறுதிப் பத்திரத்திலை இருக்கிற, எப்பவோ செத்துப்போன பொம்பிளையின்ரை பேர். கையெழுத்து மட்டும் இல்லை.”

கொக்குவில் சந்தி வர, பைல்காரர் எழும்பினார்.

“எங்கையடா இறங்கிறாய்?”

“அவவைக் கூட்டிக்கொண்டு போனாத்தானே லைசன்ஸ்.”

“வீட்டுத் திறப்புக் கொண்டு வந்தனியோ?”

“இப்ப திறப்புத் தேவையில்லை. நான் கதவடிக்குப் போக, அவவே உள்ளுக்கிருந்து திறந்து விடுவா.”