மிசோத் தொட்டியின் அடியில்

முதலில் வாயில் இருப்பதை விழுங்கிவிடுங்கள். அந்தச் சூப்புக் கிண்ணத்தையும் தள்ளி வையுங்கள். பிறகு என் மேல் பழி போடக் கூடாது. கென்சாகு இன்றைக்கு வரவில்லை, அதனால்தான் சொல்கிறேன்.

ஜனவரி மாதம்... மாலை நாலரைக்கே இருட்டிவிட்டது. ஆற்றங்கரைச் சாலையில் ஈ காக்கை இல்லை. பனி மட்டும். நம் கென்சாகுவின் தாய்மாமா மொரிசோ தனியாக நடந்து போகிறார். முதுகில் அறுபது அரங்கள். எல்லாம் என் ரம்பப் பட்டறையிலிருந்து நான் திருப்பிக் கொடுத்தவை. ரம்பப் பல்லில் வைத்தால் வழுக்குகின்றன, நான் என்ன செய்ய? "இன்னும் ஒரு தடவை பாக்கறேன் மொரிசோ. அப்பவும் வழுக்குச்சுன்னா வேற பட்டறைதான்" என்று சொல்லிவிட்டேன். என்னை விட்டால் அவருக்கு வேறு வாடிக்கை கிடையாது. ஐந்து தலைமுறை அரப் பட்டறையை மூட வேண்டியதுதான்.

அவர் அப்பா இறந்து அன்றைக்கு நாற்பத்தொரு நாள். கிழவர் இருந்தவரை ஒரு அரம் பிசகியதில்லை. அரத்தைக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவதற்கு முன் பல்லில் மிசோ பூசுவார்கள் அல்லவா... ஆமாம், நீங்கள் இப்போது குடித்த அதே சோயா விழுதுதான். அந்தத் தொட்டியைக் கிழவர் யாரையும் தொடவிட்டதில்லை. தலைமுறை தலைமுறையாகக் கழுவாத தொட்டி. பழையதன் மேலேயே புதியதைப் போடுவார், நாக்கால் நக்கி உப்புப் பார்ப்பார். கர்மம்!

மொரிசோ கதவைத் திறந்தார்... முடி கருகிய நாற்றம். பட்டறைக்குள்ளிருந்து ஒரு சத்தம். சளக்... சளக்... நாய் கஞ்சி குடிப்பது போல. விளக்கைப் போட்டார். யாருமில்லை. மிசோவின் மேல் நாக்கு அகலத்துக்கு ஈரமாக ஒரு தடம். அதில் எச்சில் நுரை... சாம்பல் கலந்த எச்சில்.

அங்கேயே வாந்தியெடுத்தார். ஆனாலும் பாருங்கள், அந்த இடத்தையே வழித்து ஒரு அரத்தில் பூசிக் காய்ச்சி முக்கினார். இரும்பில் வைத்தால் வழுக்காமல் கடித்தது!

மனைவி சுமினோ மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "ஏங்க, அந்தக் கண்றாவியக் கொண்டுபோய்க் கொட்டுங்க!"

"கொட்டறதா? கடிக்குதுடி!"

தினமும் ஒரு தடம் விழுந்தது. தினமும் ஏழெட்டு அரம் தேறியது. நாற்பத்தொன்பதாம் நாள் அஸ்திக் கலயம் புத்தர் கோயில் கல்லறைக்குப் போக வேண்டும். அதோடு கிழவரின் ஆவியும் வீட்டை விட்டுப் போய்விடும். அதற்கு முந்தின நாள் எண்ணிப் பார்த்தால் இன்னும் எட்டு அரம் பாக்கி. மொரிசோ கலயத்தைத் திறந்தார். எல்லாவற்றுக்கும் மேலே தொண்டை எலும்பு... எரித்த பிறகு நாமே குச்சியால் பொறுக்கி வைக்கிறோமே, அதை எடுத்தார். தொட்டியின் அடியில் புதைக்க முழங்கை வரை கையை விட்டார். கொழகொழவென்று... உள்ளே வெதுவெதுப்பு. உவ்வே! விரலில் ஏதோ தட்டியது. எடுத்துப் பார்த்தார், அப்பாவுடையது இல்லை.

தொண்டை எலும்பு. மறுபடி துழாவினார், இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. மூன்றும் நக்கி நக்கி வழவழவென்று இருந்தன.

மூன்றையும் திரும்பப் போட்டார். அப்பாவுடையதையும் போட்டார்.

அறுபது அரங்களும் கடித்தன. நான் பாராட்டி ஒரு கோப்பை சாகே மது ஊற்றினேன். அவர் தொடவில்லை. நடந்ததையெல்லாம் சொல்லி அழுதார். "நான் செத்தா கடல்ல கரைச்சிடணும்னு சுமினோகிட்ட சத்தியம் வாங்கிட்டேன்யா. அந்தத் தொட்டிக்குள்ள என்னால கிடக்க முடியாது."

போன கோடையில் இறந்தார். அக்கா மகன் கென்சாகுதான் இப்போது பட்டறையைப் பார்க்கிறான். சுமினோ சத்தியத்தை மீறவில்லை, கடலுக்குத்தான் போனாள். படகில் கலயத்தைத் திறந்தால்... மேலே இருக்க வேண்டிய எலும்பைக் காணோம்.

திங்கட்கிழமை கென்சாகுவின் அரங்கள் வந்தன. பெட்டியைத் திறந்ததுமே அதே முடி கருகிய நாற்றம். ஒன்றை எடுத்து ரம்பத்தில் வைத்துப் பார்த்தேன். அருமையாகக் கடிக்கிறது.

திருப்பியனுப்ப எனக்கு மனம் வரவில்லை.