சர்க்கரை நின்ற நுரை

வீட்டில் போடும் காபியில் நுரை நிற்பதில்லை. அடுக்களையிலிருந்து வாசலுக்கு டம்ளரைக் கொண்டுவருவதற்குள் அடங்கிவிடுகிறது. ஆரம்பத்தில் என்னுடைய கஷ்டம் இவ்வளவுதான், ஐயா.

நான் சொல்லும் நுரை, பாலை ஆற்றும்போது வருகிற வெள்ளை நுரை இல்லை. அது வெறும் காற்று. அறுபத்தொன்பதில் எங்கள் அரிசி மில் முதலாளி பாய்லருக்குப் பிரஷர் கேஜ் வாங்க என்னைப் பெங்களூருக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு பெரிய ஓட்டலில் வெளிநாட்டு மிஷின் ஒன்று இருந்தது. கைப்பிடியை இழுத்தால் பாலில்லாத காபி கொஞ்சமாக இறங்கும். அதன் மேல் தேன் நிறத்தில் ஒரு ஏடு. சர்க்கரையைப் போட்டால் உடனே முழுகாது. ஏட்டின் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் பிறகு மெதுவாக உள்ளே போகும். முதலாளி ஒரு வாய் குடித்துவிட்டுக் கசக்குது என்றார். நான் குடிக்கவே இல்லை. பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பொம்மிடிக்குத் திரும்பும் ரயிலிலேயே முடிவுக்கு வந்துவிட்டேன். அந்த ஏட்டை உண்டாக்குவது அழுத்தம். பாய்லர்காரனுக்கு வேறென்ன தோன்றும்.

மிஷினை நானே செய்தேன். எளிமையானதுதான், உங்கள் ஸ்டேஷன் ஏட்டையா எழுதிக்கொள்ளட்டும். மில்லில் கழித்துப்போட்ட நீராவிக் குழாயில் ஒரு துண்டு. அடியை வெல்டிங் வைத்து அடைத்தேன். மேலே திருகுமூடி, அதற்கு ரப்பர் வாஷர். பக்கத்தில் திறந்து மூடுகிற ஒரு குழாய், அதன் வாயில் காபித்தூள் வைக்கச் சின்னக் கிண்ணி. மூடியின் மேல் ஒரு பழைய பிரஷர் கேஜும் சேப்டி வால்வும். வால்வை ஒரு நீட்டுக் கம்பி அழுத்திக்கொண்டிருக்கும், கம்பியில் ஒரு எடைக்கல் தொங்கும். கல் உள்பக்கம் இருந்தால் ஆவி சீக்கிரமே வெளியேறிவிடும். வெளிப்பக்கம் தள்ளினால் உள்ளே அழுத்தம் ஏறும். தராசு பிடித்தவர்களுக்கு இது புரியும்.

முதலில் கல்லை உள்ளேதான் வைத்திருந்தேன். ஏடு வரவில்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெளியே தள்ளினேன்.

இந்த வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் குழாயைத் திறக்க வேண்டும், ஒருவர் டம்ளரைக் கவனிக்க வேண்டும். திறக்கிறவர் அடுப்பை ஒட்டித்தான் நிற்க முடியும். கவனிக்கிறவர் ஜன்னலுக்கு வெளியே நின்றால் போதும். அங்கே வெளிச்சமும் நன்றாக இருக்கும். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் மிஷினைச் சரிசெய்ய வேறு ஆள் கிடையாது. யோசித்துப் பார்த்தால் அதிலுள்ள நியாயம் தெரியும்.

முதலில் திறந்தது குள்ளம்மாள், எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறவள். வாய் ஓயாது. "ஏனுங்க மேஸ்திரி, நுரைக்கா இம்புட்டுப் பாடு? எங்க வூட்டு எருமைக்கு வாயெல்லாம் நுரைதான். ஓட்டியாரட்டுங்களா?" என்று கேட்டாள். ராஜமேரி சிரித்தாள். ராஜமேரி என் மனைவி. நானும் சிரித்தேன். அன்றைக்குக் காபி இறங்க ஆரம்பித்ததும் வாஷர் பிய்த்துக்கொண்டது. வெந்நீர் குள்ளம்மாளின் முகத்தில் அடித்தது. அதற்கப்புறம் அவளுக்கு இடது கண் தெரிவதில்லை.

ஆனால் அன்றைக்குத்தான் டம்ளரின் ஓரத்தில் முதல்முறையாக மெல்லிய கோடுபோல் ஏடு தெரிந்தது. அரூர் ஆஸ்பத்திரிக்கு அவளைக் கொண்டுபோகும்போது வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு தடிமனான வாஷர் போட்டேன். திறக்க ராஜமேரி வந்தாள். வந்தாள் என்பதைவிட வேறு யாரும் வரவில்லை என்பது சரி. ஈரச் சாக்கைக் கையில் சுற்றிக்கொள்வாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டுதான் திறப்பாள்.

"நீங்களே தொறங்களேன். நான் ஜன்னல்கிட்ட நின்னு பாத்துச் சொல்றேன்" என்றாள் ஒரு நாள்.

"உனக்குப் பார்க்கத் தெரியாது" என்றேன். அது உண்மைதான்.

அவள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குழாயின் கைப்பிடியைக் கழற்றி அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தாள். நான் வேறு செய்து மாட்டினேன். எங்கள் சர்ச் பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னாள். குடிக்கிறாரா என்று கேட்டாராம். இல்லை என்றாளாம். அடிக்கிறாரா. அதுவும் இல்லை. "பின்ன என்னம்மா, காபிதானே போடுறாரு" என்றாராம். தெருவிலும் அதையேதான் சொன்னார்கள். இதையெல்லாம் அவளே வந்து என்னிடம் சொன்னாள். சொல்வதற்கு வேறு ஆள் இல்லை போலிருக்கிறது.

ஈஸ்டரை நாங்கள் பாஸ்கா என்போம். அதற்கு முந்தைய தபசு காலம் வந்தது. எங்கள் ஆட்கள் அந்த நாட்களில் ஏதாவது ஒன்றை விட்டு விரதம் இருப்பார்கள். கறி விடுவார்கள், வெற்றிலை விடுவார்கள். ராஜமேரி காபியை விட்டாள். எனக்கும் சேர்த்து நேர்ந்துகொண்டு வந்துவிட்டாள். "பாஸ்கா வரைக்கும் வூட்டுல காபி கெடையாதுங்க. மிஷினும் விரதம் இருக்கட்டும்" என்றாள். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

நான் நிதானமாக விளக்கினேன். விரதம் குடிப்பதற்குத்தான். இறக்கி, ஏட்டைப் பார்த்துவிட்டு, கீழே ஊற்றிவிட்டால் விரதம் முறியாது. அவள் சாக்கை நனைக்கப் போனாள். தபசு காலம் முழுக்க ஊற்றினோம். பெரிய வெள்ளிக்கிழமை மட்டும் ஸ்டவ்வைப் பற்றவைக்கவில்லை.

பாஸ்காவுக்கு அவள் தம்பி சவரியும் அவன் பெண்சாதி பாக்கியமேரியும் சனிக்கிழமை காலையிலேயே வந்துவிட்டார்கள். சவரிக்கு ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை. வரும்போது அங்கே புதிதாக வறுத்த கொட்டை ஒரு பை கொண்டுவந்தான். மிஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "ஏன் மாமா, இது காபி போடுமா, இல்ல பொம்மிடியிலேர்ந்து சேலத்துக்கு ரயிலை இழுத்துட்டுப் போவுமா?" என்றான். "அக்கா, டிக்கெட் எடுத்துட்டியா?" என்று அவளையும் கேட்டான். நாளைக் காலையில் போட்டுக் காட்டுகிறேன் என்று சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வந்ததும் அவர்கள் இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்தார்கள். நான் ஸ்டவ்வைப் பற்றவைத்து, கேஜில் முள் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றேன். ராஜமேரி புதுப் புடவையோடு அடுப்படியில் நின்றாள். கையில் சாக்குச் சுற்றவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"நேத்தே வந்துருச்சேங்க."

"குழாயைத் தொற" என்றேன்.

வாசலில் தம்பி இருந்தான். அவன் காதில் விழும்படி அவள் அதற்குமேல் பேசவில்லை. திறந்தாள். அடி வெல்டிங் விட்டுப்போய் மிஷின் மேலே கிளம்பியது. கூரை ஓடும் கைமரமும் சரிந்தன. பக்கத்துத் தெருவில் வாணவெடி என்று நினைத்தார்களாம். நான் உள்ளே போனபோது அவளுக்கு உயிர் இல்லை.

சேப்டி வால்வு துருப்பிடித்து அடைத்துக்கொண்டது, விபத்து என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். படித்துக் காட்டியதற்கு நன்றி. ஆனால் அது தவறு, ஐயா. அந்த வால்வு பித்தளை. பித்தளையில் இரும்புத் துரு பிடிக்காது. அன்று காலை எடைக்கல்லை எடுத்துவிட்டு, வால்வைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியது நான். கம்பி தாங்கும், வெல்டிங் தாங்காது என்று எனக்குத் தெரியும். பாய்லர் வேலையில் முதல் பாடமே அதுதான். எந்தத் தடவை விட்டுப்போகும் என்பது மட்டும்தான் தெரியாமல் இருந்தது.

அடுக்களையில் முறுக்கு அச்சு ஒன்று கிடந்தது, அதற்குள் காபித்தூள் எப்படி வந்தது என்று கேட்டீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் தம்பியும் அவன் பெண்சாதியும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். ராஜமேரி பண்டிகைக்கு முறுக்குப் பிழிந்து முடித்திருந்தாள். அவள் அச்சை அழுத்துவதைப் பார்த்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. அதைக் கழுவச் சொல்லி வாங்கி, சவரி கொண்டுவந்த கொட்டையை நைசாக அரைத்துப் போட்டு, வெந்நீர் ஊற்றி அழுத்தினேன். தேன் நிறத்தில் இறங்கியது. ராஜமேரி ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டாள். நின்றது. இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அப்ப அந்த இரும்பை எடைக்குப் போட்டுடலாங்களா?" என்று கேட்டாள்.

"போட்டுடலாம்" என்றேன்.

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். ராத்திரி பூசைக்குப் போகும்போது எனக்கு முன்னால் பாடிக்கொண்டே நடந்தாள்.

பிறகு ஏன் என்று கேட்பீர்கள். முறுக்கு அச்சிலேயே வந்துவிட்டது என்றால் மிஷின் தேவையே இல்லை என்றாகிவிடும். மிஷின் தேவையில்லை என்றால் குள்ளம்மாளின் கண் எதற்காகப் போனது? அதற்கு ஒரு பதில் வேண்டும். புதுத் தூளோடு முழு அழுத்தமும் சேர்ந்தால் இன்னும் கெட்டியான ஏடு வரலாம் என்று பட்டது. அதைப் பார்க்காமல் விட என்னால் முடியவில்லை. ராஜமேரிக்கு நான் கெடுதல் நினைத்தது இல்லை. அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

செய்முறையையும் எழுதிக்கொள்ளுங்கள், யாருக்காவது உதவும். டப்பாத் தூள் ஆகாது. காபிக்கொட்டையை வறுக்கும்போது அதற்குள் ஒரு வாயு உண்டாகிறது, நாளாக ஆக அது ஓடிவிடும். ஏடு அந்த வாயுவால்தான் வருகிறது. ஆகவே வறுத்து ஒரு வாரத்துக்குள்ளான கொட்டையாக இருக்க வேண்டும். சிக்கரி கூடாது. போடும் நேரத்தில்தான் அரைக்க வேண்டும், மணலைவிட நைசாக. அச்சின் அடியில் ஈரத்துணி, அதன் மேல் தூள், கட்டைவிரலால் அமுக்கிவிட வேண்டும். தண்ணீர் கொதித்து அடங்கிய பிறகு ஊற்ற வேண்டும். இரண்டு கையாலும் சீராக அழுத்தினால் போதும். ஆவி வேண்டாம், வால்வு வேண்டாம். ஒரே ஆள் செய்துவிடலாம், பக்கத்தில் வேறு யாரும் நிற்க வேண்டியதில்லை.