டோக்கன் இல்லாத மருந்து

— முடியாதுன்னா முடியாது, பாக்கியம். தலைக்குள்ள சத்த அலைய உட்டு ஆட்டுறதுக்கெல்லாம் இந்தப் பேப்பர்ல நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

— பேங்க்ஸ்மேன் சார், பொண்டாட்டி பக்கம் மூஞ்சத் திருப்புங்க. நாளைக்குக் காலையில ஊரிகத்துல ரயில் ஏறணும். பெங்களூர்ல உங்களுக்குன்னு மெஷின ஒதுக்கி வச்சிகினு கீறாங்க. இத உட்டா அடுத்த முறை எப்பன்னு தெரியாது.

— மருந்துதான் ஆறு மாசமா ஏத்திகினு கீறாங்களே?

— ஏத்தி இன்னா ஆச்சு? முடி கொட்டிச்சு, மூளையில கட்டி அப்பிடியே கீது. ஏன்னு டாக்டரம்மாவ துளைச்சு எடுத்துட்டேன். பாருங்க, மூளைக்குப் போற ரத்தக் குழாய் இருக்குதே, அதோட சுவரு ரொம்ப நெருக்கம். கண்டதும் உள்ள பூந்துடாம காவல் காக்குது. நல்ல மருந்தையும் சேத்து நிறுத்திடுது. நீங்க பேங்க்ஸ்மேனா சுரங்க வாசல்ல நின்னு, யார் இறங்கலாம்னு பாத்து அனுப்பினீங்களே, அதே வேலைதான்.

— அப்ப அவன் சரியான ஆளு. பதினஞ்சு வருசம் நின்னேன். டோக்கன் இல்லாத ஒருத்தன கேஜ் கூண்டுல ஏத்திக் கீழ அனுப்பினதில்ல. ரூல்னா ரூல்.

— தெரியும், தெரியும். என் தம்பி எரிக்கோட பசங்க இந்தக் கதைய தூக்கத்துல கூட சொல்லுவாங்க.

— அது கிடக்கட்டும். கீழ பாறை வெடிச்ச அன்னிக்கு இங்க மேல அலமாரியில தட்டெல்லாம் ஆடிச்சு. அத என் மண்டைக்குள்ளயா?

— அதான் இல்ல. கையில ஊசி போட்டு சின்னச் சின்னக் குமிழா உடுவாங்க. ரத்த அணுவ விடச் சின்னது. தலையில தொப்பி மாதிரி ஒண்ணு. அதுலருந்து காதுக்குக் கேக்காத சத்தம் வந்து, கட்டி கீற இடத்துல மட்டும் குவியும். பாருங்க, அங்க போற குமிழெல்லாம் உப்பும், சுருங்கும், உப்பும், சுருங்கும். அப்பிடியே சுவர மெள்ள மெள்ள லூசாக்கும். சந்து கிடைச்சதும் மருந்து உள்ள போயிடும்.

— அப்புறம் வாசல் தொறந்தே கிடக்குமா?

— இல்லீங்க, ஒரு நாள்ல தானா மூடிக்கும். கத்தி கெடையாது, ஓட்டை கெடையாது.

— கட்டி கரைஞ்சிடுமா?

— பாத்துதான் சொல்லணும்னாங்க. பொய் சொல்லல பாருங்க, அதனாலதான் எனக்கு அந்தம்மாவ புடிச்சிது.

— மிச்ச முடியும் எடுக்கணுமாமே?

— இருபது முடி. நானே எண்ணித் தரேன்.

— சிரிக்காத. எப்பிடிப் பாத்தாலும் காவக்காரன ஏமாத்தி ஆள உள்ள உடுறதுதானே? நான் செய்யாதத என் தலைக்குள்ள செய்யணுமா?

— செய்யாதவரா நீங்க? பாறை வெடிச்ச அன்னிக்கு எரிக் கீழ மாட்டிகினான். யாரும் இறங்கக் கூடாதுன்னு ஆர்டரு. அவன இழுத்துகினு வந்தது டோக்கன் இல்லாத நாலு பேரு. அவங்கள கேஜ்ல ஏத்தினது யாருன்னு எங்கப்பாவுக்கு அன்னிக்கே தெரியும். அந்த ஆளுக்குத்தான் பொண்ணு குடுப்பேன்னு உங்க வீட்டத் தேடிகினு வந்தாரு.

— நாலு இல்ல, பாக்கியம். நான் ஏத்தினது அஞ்சு பேர. பேனாவ எடு.