நான் எழுதி ஒட்டிய கதவு எண்கள்

ஷட்டர் இறங்குகிறது. கடகடகட. அடுத்த கடை. அதற்கடுத்தது. பிகாஷின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மந்தைவெளிச் சந்துகளில் ஓடுகிறேன். அவன் சட்டையில் மீன் செதில். நெற்றியில் ரத்தம். வியாழன். மாலை ஐந்தே முக்கால்.

"சார், ஸ்டேஷன் பக்கம் போவாத! அங்கயும் நிக்கிறானுங்க!" மாடியிலிருந்து ஒரு பெண் கத்துகிறாள்.

பிகாஷ் ஒடிசாக்காரன். ஆறு வருடமாகப் பட்டினப்பாக்கத்தில் மீன் வெட்டுகிறவன். எங்கள் மாதாவின் சப்பரத்துக்குத் தோள் கொடுத்தவன்.

முந்தைய ஞாயிறு ஒரு தலைவர் மேடையேறினார். "வடக்கிலிருந்து வந்தவன் கரையான். உன் வீட்டை அரிக்கும் முன்னே நசுக்கு" என்றார். கைதட்டல் கோயிலுக்குள் கேட்டது. மாலைப் பூசையில் இருந்தோம். யாரும் எழுந்திருக்கவில்லை. நானும்தான்.

திருவிழா விருந்துக்கு வீடு வீடாக டோக்கன் கொடுப்பது எங்கள் பங்குக் கோயிலின் வழக்கம். வடக்கத்திப் பையன்கள் ஒருவரும் விடுபடக் கூடாது. வீட்டுக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு நான்தான் எழுதினேன். பெயர். சந்து. கதவு எண். வாத்தியார் கையெழுத்து, முத்து முத்தாக. கோயில் வாசலில் ஒட்டினேன். யாரோ போனில் படமெடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டுதான் வியாழனன்று அடிக்க வந்தார்கள். ஒரு கதவும் தவறவில்லை.

வந்தவர்களில் ஸ்டீபன் என் மாணவன். பிகாஷோடு ஒரே பலகையில் மீன் வெட்டியவன். ஒரே டிபன் பாக்ஸில் தின்றவன். கையில் இரும்புக் குழாய்.

"ஒத்திப்போ சார், வழிய உடு! உனுக்கு இன்னா வந்துச்சி? கரையான் சார் இவன்!"

அடித்தான். பிகாஷின் தம்பி சுனில் தப்பிக்க மாடியிலிருந்து குதித்தான்.

பங்குத்தந்தை மன்னிக்கச் சொல்கிறார். மாட்டேன். அந்தத் தலைவரின் கதவை அவர் ஊர்க்காரனே உடைக்க வேண்டும். உள்ளே அவர் பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு கட்டிலடியில் கிடக்க வேண்டும். தினமும் இதைத்தான் கேட்கிறேன். செபமாலை உருட்டித்தான் கேட்கிறேன்.

பதினொரு அறைகளை உடைத்தார்கள். முப்பத்து நான்கு பேர் ஊரை விட்டுப் போனார்கள். ஒருவனுக்கு இடது கண் போனது. செத்தவன் சுனில், வயது இருபத்திரண்டு. இந்த வருடம் சப்பரம் கோயிலை விட்டு வெளியே வரவில்லை. தோள் போதவில்லை.

சுனிலைச் சுடுகாட்டில் எரித்த மறுநாள், சென்ட்ரல். ரயில் நகர்கிறது. பிகாஷ் ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்தான்.

"சார், அந்த லிஸ்ட்ட எழுதினவன் யாருன்னு கண்டுபுடி. உடாத அவன."

"உடமாட்டேன்டா" என்றேன்.